சம்பா வயலைப் பார்க்க: சென்டினல்-2ஆ, சென்டினல்-1ஆ?

ஐரோப்பாவின் இந்த இரண்டு வகைச் செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. சென்டினல்-2 சூரிய ஒளியை நம்பியது. நல்ல பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும்; பயிர் சோர்ந்தால் இந்த வித்தியாசம் குறையும். 10 மீட்டர் கட்டங்களில் வாட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். சரி, ஆனால் காவிரி டெல்டாவில் சம்பா வளர்வதே வடகிழக்குப் பருவமழையில். மேகம் மூடிவிட்டால் படம் முழுக்க வெள்ளைதான்.

சென்டினல்-1 ரேடார்; தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்கும். மேகம், இரவு எதுவும் அதற்குத் தடையில்லை. தண்ணீர் கட்டிய நடவு வயல் கறுப்பாகத் தெரியும். தூர் கட்டக் கட்ட வெளுக்கும். நடவு எப்போது, வெள்ளம் எங்கே நின்றது எல்லாம் இதில் படிக்கலாம். இலை மஞ்சளாவது மட்டும் தெரியாது.

சம்பாவுக்கு நான் ரேடாரைத்தான் முதலில் எடுப்பேன். தாளடிக்கு (குறுவை அறுத்தபின் நடும் பயிர்), தை பிறந்து வானம் தெளிந்தபின் சென்டினல்-2 போதும்.