ஃபார்க்குவார் ஓவிய பிரிண்ட் செட்: வாங்கலாம், ஆனா ஓரம் வெட்டாததா கேட்டு வாங்குங்க

புது வீட்டு ஹால் சுவத்துல மாட்ட ஆன்லைன்ல ஒரு செல்லர்கிட்ட வாங்குனது இது. ஏ4 சைஸ்ல நாலு பிரிண்ட், டேப்பிர் (பன்னி மாதிரி உடம்பு, நீட்டு மூக்கு உள்ள காட்டு மிருகம்), எறும்புத்தின்னி, இருவாச்சி, ரம்புத்தான், மொத்தம் 48 வெள்ளி, டெலிவரி தனி.

தெரியாதவங்களுக்கு, வில்லியம் ஃபார்க்குவார்தான் சிங்கப்பூரோட மொத ரெசிடென்ட், அதாவது பிரிட்டிஷ் நிர்வாகி, அதுக்கு முன்னாடி 1803லேருந்து 1818 வரைக்கும் மலாக்காவுல அதிகாரியா இருந்தார். கேமரா எல்லாம் வராத காலம், அதனால இந்தப் பக்கத்து மிருகம், பறவை, செடி, பழம்னு சீன ஓவியர்கள வச்சு வரைய வச்சிருக்கார், 477 வாட்டர்கலர். வரைஞ்சவங்க பேரு ஒண்ணுகூட பதிவாகல, வரையச் சொன்னவர் பேர்லதான் கலெக்‌ஷனே இருக்கு, அதுல எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டு. ரொம்ப வருஷம் லண்டன்ல கெடந்து 1993ல ஏலத்துக்கு வந்தப்போ சிங்கப்பூர் பங்குத் தரகர் கோ கியோக் கிம் 3 மில்லியன் வெள்ளிக்கு எடுத்து இங்க மியூசியத்துக்கே குடுத்துட்டார், இப்ப நேஷனல் மியூசியத்துல இருக்கு.

சரி பிரிண்டுக்கு வர்றேன். ரம்புத்தான் அருமை, முடி ஒண்ணொண்ணும் தனியா தெரியுது, செவப்பு அப்படியே கடைசியில பச்சையா மாறுற எடம்கூட கெட்டுப்போகல. எறும்புத்தின்னிதான் ஏமாத்திடுச்சு, முதுகுல செதிலுக்குச் செதில் கோடு நல்லா விழுந்திருக்கு, வாலுப்பக்கம் போகப்போக எல்லாம் ஒட்டி ஒரே கருப்புத் திட்டு. பேப்பர் வேற பளபளன்னு இருக்கு, வாட்டர்கலருக்கு எதுக்குங்க கிளாஸி?

பெரிய கொறை என்னன்னா, ஒரிஜினல்ல நெறைய படத்துல ஜாவியிலயும் (மலாய எழுதுற அரபு எழுத்து) ரோமன் எழுத்துலயும் மலாய் பேர கையால எழுதியிருப்பாங்க, என் செட்ல ஒண்ணுலகூட இல்ல, ஓரத்த வெட்டி பேக்ரவுண்ட பளிச்சுன்னு வெள்ளையாக்கி வச்சிருக்காங்க. கேட்டா "க்ளீன் லுக்"காம். அட, இந்த டேப்பிரையே எடுத்துக்கோங்க, டேப்பிர்னா அமெரிக்கக் கண்டத்துல மட்டும்தான்னு வெள்ளைக்காரங்க நெனச்சிட்டு இருந்த காலத்துல, 1816ல ஃபார்க்குவார் கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டிங்கிற ஆராய்ச்சிச் சங்கத்துக்கு இதப் பத்தி எழுதி அனுப்புறார், ஆனா மலாய்க்காரங்க அதுக்கு எப்பவோ பேரு வச்சு பழகிட்டாங்க. அந்த அறிவு யாருதுன்னு காட்டுறதே கையால எழுதுன அந்தப் பேருதான், அதப் போயி வெட்டுனா எப்படி!

பிரேம் மட்டும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல ஒரு சின்ன கடையில போட்டேன், கிளாஸி பேப்பர்னு பாத்ததுமே அங்கிள் கண்ணாடி கூசாத வகையா மாத்திக் குடுத்தார், மவுன்ட் போர்டும் லேசான கிரீம் கலர்ல அவரே தேர்ந்தெடுத்தார், வேலை சுத்தம். (ரோச்சோர் ஆத்துல ஃபார்க்குவாரோட நாய முதலை புடிச்சதும், அந்த முதலையக் கொன்னு பிராஸ் பாசா ஆத்தோரம் ஆலமரத்துல தொங்கவிட்டதும் தமிழ் பூர்வீகம் உள்ள அந்தக் கால மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா எழுதி வச்சிருக்கார், அங்கிள்கிட்ட சொன்னா நம்பவே இல்ல.)

வாங்குறதுக்கு முன்னாடி ரூட்ஸ்ங்கிற (சிங்கப்பூர் மரபுடைமைக் கழகத்தோட) வெப்சைட்ல ஒரிஜினல் படத்த ஒரு தடவ பாத்துட்டு, ஓரம் முழுசா இருக்கா, மேட் பேப்பரான்னு செல்லர்கிட்ட கேட்டுருங்க. என்னோட ரேட்டிங் அஞ்சுக்கு மூணு, அதுல பாதி ரம்புத்தானுக்கு. செல்லர் ஓரத்தோட மறுபடி பிரிண்ட் பண்ணித் தர்றேங்கிறார், பாதிக் காசு கேக்குறார், இன்னும் பேசிட்டு இருக்கேன்.