பேசும் மெய்யெழுத்துப் பலகை: முன்பள்ளிக்கு வாங்கலாமா?

எங்கள் தேயிலைத் தோட்ட முன்பள்ளிக்காக ஹட்டன் நகரப் புத்தகக் கடையொன்றில் இந்தப் பலகையை வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் எழுத்தின் ஒலி கேட்கும். 18 மெய்களும் இருக்கின்றன. விலை 2,400 ரூபாய். பெற்றோர் சேர்த்துக் கொடுத்த பணம் என்பதால் ஒன்றுவிடாமல் அழுத்திக் கேட்டேன்.

'இக்', 'இங்' என்று நம் திண்ணைப் பள்ளி வழக்கப்படியே சொல்கிறது. அதுதான் சரி. மெய் தனித்து ஒலிக்காது. முன்னால் ஓர் இகரம் வந்தால்தான் நா எங்கே போய் முட்டி நிற்கிறது என்பது பிள்ளைக்குப் பிடிபடும். வல்லினத்தின் அருகிலேயே அதன் இன மெல்லினத்தையும் வைத்திருக்கிறார்கள்: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. அமைத்தவர் கட்டாயம் வகுப்பில் நின்று பழகியவர்.

'இப்', 'இம்' இரண்டையும் அழுத்தி, பிள்ளைகளையும் கூடவே சொல்ல வைத்தேன். இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடுகின்றன. அடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லச் சொன்னேன். 'இப்' தடையின்றி வந்தது. 'இம்' என்று இழுக்க முடியாமல் முகம் சிவந்தது. "டீச்சர், ம் மூக்கால் வருகிறது!" என்று ஒரு சிறுமி கத்தினாள். மெல்லினம் என்றால் என்ன என்பதை அந்த வகுப்புக்கு நான் இனி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 'இழ்' பொத்தானில் வருவது தெளிவான 'இள்'. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ழகரத்துக்கு நாநுனி மேலே வளைந்து அண்ணத்தை வருட வேண்டும் என்று தொல்காப்பியமே எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். அந்தச் சொல்லை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், 'கொளுந்து' என்றே கேட்டு வளரும் பிள்ளைக்கு, சரியான ழகரத்தைக் கேட்கும் இடம் முன்பள்ளிதான். அங்கேயும் கருவி தவறாகச் சொன்னால் எப்படி?

பொத்தான்கள் உறுதியானவை. பற்றரி உள்ளே இருக்கும் மூடியைத் திருகாணி இல்லாமல் திறக்க முடியாது, சின்னவர்களுக்கு அது பாதுகாப்பு.

இன எழுத்து வரிசைக்காகவே வாங்கலாம். ழகரத்தை மட்டும் நீங்கள் வாயால் சொல்லிக்கொடுங்கள். அந்த ஒலியை மறுபடி பதிவு செய்யும்படி தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.