ஹாட் டப் வயரிங்: 120 வோல்ட் பிளக்கா, 240 வோல்ட் தனி லைனா?

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் வைக்கும் ஹாட் டப்புகளுக்கு (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) மின் இணைப்பு இரண்டு விதம். ஒன்று, சுவர் பிளக்கில் செருகி ஓட்டும் 120 வோல்ட். மற்றது, மெயின் பேனலிலிருந்து பெரும்பாலும் 50 ஆம்பியரில் தனி லைன் இழுத்து நிரந்தரமாக இணைக்கும் 240 வோல்ட். பல மாடல்கள் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும்படியே வருவதால், டப் வாங்கிய பிறகும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

சூடேறும் வேகத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மின்னழுத்தம் பாதியானால் அதே ஹீட்டரின் திறன் கால்வாசியாகிவிடும். 240 வோல்ட்டில் 4 கிலோவாட் தருவது 120இல் 1 கிலோவாட்தான் தரும். 1,500 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி செல்சியஸிலிருந்து 39 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 யூனிட் வேண்டும். வெப்ப இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டாலே 1 கிலோவாட்டுக்கு இரண்டு நாள் ஆகும். 4 கிலோவாட்டுக்குப் பன்னிரண்டரை மணி நேரம், 5.5 கிலோவாட்டுக்கு ஒன்பது மணி நேரம் போதும். மின்கட்டணம் மிச்சமாகும் என்று 120ஐத் தேர்வதில் பொருளில்லை, தண்ணீர் சூடாக வேண்டிய யூனிட் இரண்டிலும் ஒன்றே. அதோடு, 120 வோல்ட்டில் ஜெட் பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது பெரும்பாலான டப்புகள் ஹீட்டரை நிறுத்திவிடும். சிகாகோ குளிரில் இரண்டு பேர் உட்கார்ந்து ஜெட்டைப் போட்டால் தண்ணீர் ஆறிக்கொண்டேதான் போகும். டெக்சாஸ், ஃபுளோரிடா பக்கம், சின்ன டப், வாடகை வீடு என்றால் 120 தாராளமாகப் போதும். பனி பெய்யும் ஊரில் சொந்த வீடு என்றால் 240தான் எங்கள் தேர்வு.

பிளக்கில் செருகுவதுதானே என்று 120ஐ லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டப்புக்கென்றே தனி சர்க்யூட் வேண்டும். பழைய வீடுகளில் வெளிப்புற பிளக் பாயிண்ட், கராஜ், குளியலறை எல்லாம் ஒரே சர்க்யூட்டில் இருப்பது உண்டு. உள்ளே ஹேர் டிரையர் போட்டால் வெளியே டப் நின்றுவிடும். பாயிண்ட், டப்பின் உள்சுவரிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டும். டப்பின் கம்பி 15 அடிக்கு மேல் போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் கம்பி கூடவே கூடாது. மணிக்கணக்கில் ஓடும் லோடில் அதன் முனை சூடாகி உருகும்.

240க்கு முதல் கேள்வி, மெயின் பேனலில் இடம் இருக்கிறதா என்பது. வீட்டுக்கு வரும் மொத்த இணைப்பே 100 ஆம்பியர் என்னும்போது, மின்சார அடுப்பு, துணி டிரையர், கார் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே இருந்தால், லோடு கணக்குப் போடாமல் 50 ஆம்பியர் பிரேக்கரை ஏற்றக் கூடாது. 5.5 கிலோவாட் ஹீட்டர் மட்டுமே 23 ஆம்பியர் இழுக்கும், பம்புகள் அதற்கு மேல்.

அடுத்து, கசிவு மின்சாரம் 4 முதல் 6 மில்லியாம்பியரை எட்டினாலே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிரேக்கரை எங்கே வைப்பது? நம் ஊர் வீடுகளில் வழக்கமாக வைக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியை விட இது பல மடங்கு நுட்பமானது. மெயின் பேனலிலேயே ஜிஎஃப்சிஐ வைத்து, டப் அருகே மின்சாரத்தைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்ச் மட்டும் வைக்கலாம். அல்லது மெயினில் சாதாரண பிரேக்கர் வைத்து, வெளியே டப் அருகே ஸ்பா பேனல் என்ற சிறு பெட்டியில் ஜிஎஃப்சிஐ வைக்கலாம். நாங்கள் ஸ்பா பேனலையே சொல்வோம். பெட்டியும் பிரேக்கரும் சேர்ந்து வரும், டிஸ்கனெக்ட்டும் அதுவே, டிரிப் ஆனால் வீட்டுக்குள் ஓட வேண்டாம். தண்ணீர் விளிம்பிலிருந்து 5 அடிக்குக் குறையாத தூரத்தில், டப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி, 50 அடிக்குள் இருக்க வேண்டும்.

இந்தப் பெட்டியில்தான் பலர் தவறுகிறார்கள். ஜிஎஃப்சிஐ பிரேக்கரிலிருந்து சுருண்டு வரும் வெள்ளைக் கம்பி, நியூட்ரல் கம்பிகள் சேரும் உலோகத் தண்டான நியூட்ரல் பாருக்குப் போக வேண்டும். டப்பிலிருந்து வரும் நியூட்ரலோ பிரேக்கரின் நியூட்ரல் முனைக்குப் போக வேண்டும். அதையும் பாரில் மாட்டிவிட்டால், திரும்பி வரும் மின்சாரத்தை ஜிஎஃப்சிஐ பார்க்காது, கசிவு என்று எண்ணி உடனே டிரிப் ஆகும். டப்பில் கோளாறு என்று கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். நியூட்ரலே வேண்டாத மூன்று கம்பி டப்பாக இருந்தாலும், ஸ்பா பேனல் வரை நான்கு கம்பி இழுத்துவிடுங்கள். வெள்ளைச் சுருள் கம்பிக்கு நியூட்ரல் வேண்டும், நாளை வேறு டப் வந்தாலும் உதவும். ஸ்பா பேனலில் நியூட்ரலும் எர்த்தும் சேரக் கூடாது. சேர்க்கும் ஸ்க்ரூவோ பட்டையோ இருந்தால் கழற்ற வேண்டும். ஹீட்டர் ஓடத் தொடங்கும்போது மட்டும் டிரிப் ஆனால், ஹீட்டர் சுருளின் உலோக உறையில் விரிசல் என்று முதலில் சந்தேகியுங்கள்.

கம்பி: மூன்று 6 கேஜ் காப்பர், எர்த்துக்கு 10 கேஜ் காப்பர் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). 8 கேஜ் மலிவுதான், ஆனால் வீட்டுக்குள் போகும், பிளாஸ்டிக் உறை போட்ட என்எம்-பி கேபிளில் அதற்கு 50 ஆம்பியர் தாங்க அனுமதி இல்லை. வீட்டுக்குள் 6/3 என்எம்-பி (6 கேஜில் மூன்று கம்பியும் எர்த்தும்) சரி. வெளியே அதைப் பைப்புக்குள் விட்டாலும் தப்பு, பைப்புக்குள்ளும் ஈரம் சேரும். அங்கே ஈரம் தாங்கும் டிஹெச்டபிள்யூஎன் கம்பிதான். முக்கால் அங்குல பிவிசி பைப், ஷெட்யூல் 40 ஆனால் பைப்பை எவ்வளவு நிரப்பலாம் என்ற கணக்குக்குப் பொருந்தும், சுவர் தடித்த ஷெட்யூல் 80 ஆனால் உள்ளே இடம் போதாது. தரைக்கு மேலே அடிபடக்கூடிய இடத்தில் 80 கட்டாயம் என்பதால், தொடக்கத்திலிருந்தே 1 அங்குலம் போடுவது நல்லது. பிவிசி பைப்புக்கு மேல் 18 அங்குல மண் வேண்டும். தோண்டுமுன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தர ஏற்பாடு செய்யும் 811 என்ற எண்ணை அழையுங்கள். மின் ஆய்வாளர் பார்க்கும்வரை பள்ளத்தை மூடாதீர்கள். விதிகளில் ஊருக்கு ஊர் மாற்றம் உண்டு, பெர்மிட் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இப்போதைக்கு 120 போதும் என்று முடிவு செய்தவர்களும், டப்புக்குக் கான்கிரீட் தளம் போடுவதாக இருந்தால், அடியில் 1 அங்குல பைப்பை மட்டுமாவது புதைத்து இரு முனையையும் மூடி வையுங்கள். பின்னாளில் தளத்தை உடைப்பதை விட அது மிக மலிவு.

இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் முடித்த பிறகு, டப்பில் தண்ணீர் நிரப்பிவிட்டே பிரேக்கரைப் போடுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஹீட்டர் கருகிவிடும். போட்ட கையோடு ஜிஎஃப்சிஐயின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை.