ஹார்வி கர்ட்ஸ்மனின் போர்ச் சித்திரக்கதைகள்: ஒரு தொகுப்பு நூலின் மதிப்புரை

ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2012இல் கெட்டி அட்டையுடன் வெளியிட்ட ‘கார்ப்ஸ் ஆன் தி இம்ஜின்’, அமெரிக்காவின் ஈசி காமிக்ஸ் நிறுவனத்தின் ‘டூ-ஃபிஸ்டட் டேல்ஸ்’, ‘ஃப்ரன்ட்லைன் காம்பட்’ ஆகிய இரு இதழ்களிலும் கொரியப் போர்க்காலத்தில் வெளிவந்த கதைகளின் தொகுப்பு. அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஹார்வி கர்ட்ஸ்மன் தாமே எழுதி வரைந்தவையும், அவர் எழுத அலெக்ஸ் டோத், ஜோ குபர்ட் முதலியோர் வரைந்தவையும் இதில் உள்ளன. போர்க்கதை என்றால் நாயகன் தனியாளாக எதிரி முகாமை அழிப்பதுதான் என்று எண்ணி வளர்ந்த நம்மூர் காமிக்ஸ் வாசகர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

தலைப்புக் கதையில் நடப்பது மிகக் குறைவு. கொரியாவின் இம்ஜின் ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வருகிறது. கரையில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய், நவீன ஆயுதங்கள் வந்த பிறகு கைகலப்புச் சண்டைக்கு இடமில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே, எதிரிச் சிப்பாய் ஒருவன் அவன்மேல் பாய்கிறான். நீரில் அமிழ்த்தப்படுபவனின் துடிப்பு அடங்குவதைக் கர்ட்ஸ்மன் அவசரமின்றிக் கட்டம் கட்டமாக வரைகிறார். கண்ணைத் திருப்பிக்கொள்ள அவர் நமக்கு இடம் தருவதில்லை. வென்றவன் முகத்திலும் வெற்றிக்களை இல்லை. துப்பாக்கியின் வடிவமும் சீருடையின் மடிப்பும் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர்; நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய விவரங்களுக்காகத் தம் உதவியாளரை அதிலேயே பயணம் செய்ய வைத்தவர். ஆயினும் இக்கதைகளின் மெய்ம்மை அந்தத் துல்லியத்தால் மட்டும் வந்ததன்று. ஓர் உயிர் போவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரத்தைத் தாளிலும் ஒதுக்கியதால் வந்தது என்பதே என் கருத்து.

என்னை மிகவும் உலுக்கிய கதை ‘ரப்பிள்’ (இடிபாடு). கொரியர் ஒருவர் தம் கையாலேயே வீடு கட்டுகிறார். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நாம் சொல்லும் இரண்டையும் செய்து முடித்துப் பிள்ளைகளோடு வாழ்கிறார். போர் வருகிறது, வீடு நொறுங்குகிறது, அந்த இடிபாடு பிறகு பீரங்கி நிறுத்தும் இடமாகிறது. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாகத் தலைமுறைக்கென்று வீடு கட்டிய செட்டிநாட்டில் இதைப் படிப்பவருக்குக் கதை தொலைவில் நடப்பதாகத் தோன்றாது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய பிறகு, கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, அங்கே போயிருந்த எங்கள் பக்கத்தார் பலர் கடையையும் கணக்கையும் நிலத்தையும் விட்டுவிட்டு, கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். மலையையும் காட்டையும் நடந்தே கடந்தவர்களும் உண்டு. ஐயாக்களும் அப்பத்தாக்களும் சொன்ன அந்தக் கதைகளில் தளபதிகள் பெயர் வந்ததில்லை. எதை விட்டுவந்தோம் என்பதுதான் வரும். கர்ட்ஸ்மனும் போரை அந்தப் பக்கத்திலிருந்தே பார்க்கிறார்.

‘ஏர் பர்ஸ்ட்’ கதையை அவர் சீனச் சிப்பாய்களின் கண்வழியே சொல்கிறார். தம் நாட்டுப் படை எதிரே நிற்கும்போதே, எதிரிக்கும் களைப்பும் நட்பும் உண்டு என்று 1950களின் தொடக்கத்தில் கடைகளில் விற்கும் காமிக்ஸ் இதழில் எழுதியது பெரிய துணிச்சல். கொரிய மக்கள் மையமாக வரும் கதைகள் இன்னும் இருந்திருக்கலாம் என்பது என் குறை.

அச்சு கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. கர்ட்ஸ்மனின் தடித்த தூரிகைக் கோடும் கதைகளின் வசனங்களைக் கையால் எழுதிய பென் ஓடாவின் எழுத்துப் பாங்கும் இதனால் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மூல இதழ்களில் மரி செவரின் தீட்டிய வண்ணங்கள் இல்லாதது இழப்புதான். அவர் வண்ணத்தால் கதையின் மனநிலையையே மாற்றக்கூடியவர். சில கட்டங்களில் படமே சொல்லிவிட்டதை எழுத்து மறுபடியும் சொல்வதும் உண்டு. ஆங்கிலம் எளியதே, உயர்நிலைப் பள்ளி மாணவர் தடையின்றிப் படிக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம். முதன்முறை படிப்பவர்கள் ‘ரப்பிள்’ கதையிலிருந்து தொடங்குவது நல்லது.