மெஷின் மேடைக்கு ப்ரேசிங்கா, போர்ட்டலா?

இயந்திரம் தாங்கும் இரும்பு மேடை பக்கவாட்டில் ஆடாமலிருக்க இரண்டு வழி: சட்டத்தில் சாய்வாக இரும்பு போடுவது ப்ரேசிங், தூணையும் பீமையும் திரும்பாதபடி விறைப்பாக இணைப்பது போர்ட்டல். ஷெட்டுக்குள் நிற்கிற மேடைதானே, காற்று அடிக்கப்போவதில்லை, டர்பனில் பூகம்பமும் பெரிதாக இல்லை, அப்புறம் எதற்குப் பக்கவாட்டுக் கணக்கு என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. எந்தக் காலமும் (இரும்புத் தூண்) நூல் பிடித்த மாதிரி நேராக நிற்பதில்லை. அதற்காகத்தான் தென்னாப்பிரிக்காவின் இரும்புக் கட்டமைப்பு விதிநூல் சான்ஸ் 10162-1, செங்குத்துச் சுமையில் 0.5 சதவீதத்தை ஒவ்வொரு தளத்திலும் கிடைவிசையாக வைக்கச் சொல்கிறது. மேலே அதிர்ந்து சலிக்கிற சல்லடை ஓடினால் அது தள்ளுவது தனி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் உயரம், 6 மீட்டர் இடைவெளி, 203×203×46 காலம் (203 மி.மீ. அளவு, மீட்டருக்கு 46 கிலோ) இரண்டு, தலையில் 20 கிலோநியூட்டன் தள்ளு. அடியைக் கீலாக விட்டு பீமை மட்டும் விறைப்பாக இணைத்த போர்ட்டல் என்றால், பீம் வளையவே இல்லை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 23 மி.மீ. நகரும். காலத்தில் வளைவுத் தகைவு 90 மெகாபாஸ்கல்கூட வராது, 355 மெகாபாஸ்கல் வரை தாங்கும் எஸ்355 இரும்புக்கு அது தூசு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: உடையாது, ஆனால் ஆடும், பைப் ஃபிளாஞ்ச் கசியும், ஆபரேட்டர் மேலே ஏறவே யோசிப்பார். அடியையும் இறுக்கிப் பிடித்தால் 6 மி.மீ.க்கு இறங்கும், சரி, ஆனால் அதற்குத் தடித்த பேஸ் பிளேட்டும் திரும்பாத அஸ்திவாரமும் வேண்டும். பழைய தரையில் நாலு கெமிக்கல் ஆங்கர் (பசையில் ஒட்டும் போல்ட்) அடித்துவிட்டு வரைபடத்தில் ‘ஃபிக்ஸட்’ என்று எழுதினால் காலம் அதைப் படிக்கப்போவதில்லை.

அதே சட்டத்தில் 70×70×8 ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) மூலைக்கு மூலை குறுக்கே போட்டால் நகர்வு 1 மி.மீ. ஆங்கிள் ஒன்றுக்குச் சுமார் 60 கிலோ இரும்பு, அவ்வளவுதான். ஒற்றை ஆங்கிள் 7.2 மீட்டருக்கு ரொம்ப ஒல்லி என்பதால் எக்ஸ் வடிவில் இரண்டு போட்டு நடுவில் போல்ட் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் சல்லடை ஓடும்போது கடகடக்கும். காலம் அடியில் மேல்நோக்கி இழுப்பு வருவதையும் மறக்கக் கூடாது.

பிறகு ஏன் எல்லாரும் எக்ஸ் போடுவதில்லை? நடக்க வழி இல்லை. டர்பனுக்கு வடக்கே கடற்கரையோரம் ஒரு சர்க்கரை ஆலையில், தள்ளுவண்டி போக வேண்டும் என்று யாரோ ஒரு ப்ரேஸை கேஸ் கட்டரால் அறுத்துவிட்டிருந்தார்கள், ப்ரேஸை இணைக்கிற கசெட் பிளேட்டில் ஒரு சாண் ஆங்கிள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கூட வந்த பாய்லர்மேக்கர் (இந்த ஊரில் இரும்பு வேலைக்காரருக்கே அந்தப் பெயர், பாய்லரைத் தொட்டிருக்க வேண்டியதில்லை) அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, வழி விடாம வரைஞ்சா அவங்களே வழி பண்ணிக்குவாங்க” என்றார்.

அதனால் நான் பெரும்பாலும் கவிழ்த்த ‘வி’ (இரண்டு காலத்தின் அடியிலிருந்தும் பீமின் நடுவுக்கு ஏறும் ப்ரேஸ்) பக்கம் சாய்வேன். இதே சட்டத்தில் 2 மீட்டர் உயரத்தில்கூட 3 மீட்டர் அகலம் திறந்திருக்கும். ஆனால் இதில் ஒரு கால் அமுக்கத்தில் வேலை செய்யும், 70 ஆங்கிள் செல்லாது, 89 மி.மீ. குழாய் மாதிரி ஏதாவது வேண்டும். முழங்கால் ப்ரேஸ் (மேல் மூலையில் மட்டும் போடும் குட்டிச் சாய்வு) பார்க்க மலிவு, உண்மையில் அது போர்ட்டலின் தம்பி: வளைவை எடுப்பது காலம்தான். பக்கத்துக் கட்டடத்தின் காலத்தோடு மேடையைக் கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அதிர்வும் கூடவே போகும்.

இரண்டு திசைக்கும் ஒரே முறை வேண்டும் என்பதில்லை. காலத்தின் வலுவான அச்சில் போர்ட்டலை விட்டு, நடமாட்டம் அந்தப் பக்கம் போகட்டும், மெலிந்த அச்சில் ப்ரேஸ் போடலாம். மேலே கிரேட்டிங் (இரும்புக் கம்பித் தட்டித் தளம்) மட்டும் என்றால் தளத்துக்குள்ளும் குறுக்கு ஆங்கிள் போடுங்கள். கிளிப்பில் உட்கார்ந்திருக்கிற கிரேட்டிங் எந்த விசையையும் ப்ரேஸ் வரை கொண்டுபோய்ச் சேர்க்காது.