தரமணி ஆய்வுப் பூங்கா: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் கற்பிக்கும் நான், இறுதியாண்டு மாணவர்கள் 12 பேரை அழைத்துக்கொண்டு தரமணியிலுள்ள சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவுக்கு, அதாவது நிறுவனங்கள் ஐஐடியோடு சேர்ந்து ஆய்வு செய்யும் வளாகத்துக்கு, சென்று வந்தேன். கண்ணாடிக் கட்டடங்கள் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெடுகிலும் இருக்கின்றன. இங்கே எழுதத் தக்கது, அந்தக் கட்டடங்களுக்குள் நடைமுறையிலுள்ள ஒரு விதி.

பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முன்முயற்சியில் உருவாகி 2010-இல் இயங்கத் தொடங்கிய இது, இந்தியாவில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தைச் சார்ந்து அமைந்த முதல் ஆய்வுப் பூங்கா. இங்கு இடம்பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடி பேராசிரியர்களோடு கூட்டாய்வு செய்வது, மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது, தன் பொறியாளர்களை அங்கே மேற்படிப்பில் சேர்ப்பது போன்றவற்றின் வழியாகப் புள்ளிகள் ஈட்டியாக வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்ததோடு மறந்துவிடும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்த எனக்கு, உறவைக் கணக்கில் வைக்கும் இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு மேசையில் ஆய்வு மாணவி ஒருவர் சர்க்யூட் போர்டின் மீது மல்டிமீட்டர் முனைகளை அழுத்திப் பிடித்திருக்க, நிறுவனப் பொறியாளர் குனிந்து, சால்டர் விட்டுப்போன இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "சார், நம்ம லேப்ல இதையெல்லாம் தொடவே விடமாட்டாங்களே" என்றான் என் மாணவன். உண்மைதான், பழுதாகிவிடுமோ என்ற அச்சத்தில் மின்னலைகளைத் திரையில் காட்டும் எங்கள் ஆசிலாஸ்கோப்புகள் பெரும்பாலான நாட்கள் பீரோவிலேயே இருக்கின்றன. அன்று அவனுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றது எனக்கு வேதனையாக இருந்தது.

இந்தச் சூழல் என்ன தரும் என்பதற்கு இதே பூங்காவில், புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் ஐஐடியின் தொழில் வளர்மையத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனமே சான்று: முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டை அது ஏவியது.

குறை ஒன்று உண்டு. புள்ளிக் கணக்கு ஐஐடியோடு கொள்ளும் உறவையே முதன்மையாகக் கொண்டிருக்கிறது. அதே தரமணியில் மத்தியப் பாலிடெக்னிக் இருக்கிறது. கருவியைக் கையாளும் திறனில் அங்கு படிக்கும் பிள்ளைகள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். அவர்களையும் எங்களுடையதைப் போன்ற கல்லூரிகளின் மாணவர்களையும் பயிற்சிக்கு எடுக்கும் நிறுவனத்துக்கும் சில புள்ளிகள் தரலாம்.

செல்ல விரும்பும் ஆசிரியர்கள் ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெற்றுச் செல்லுங்கள். ஆய்வகத்துக்குள் ஒரு மணி நேரமாவது மாணவர்கள் நிற்க வேண்டும்.