அடி வெட்டிய புத்துக்காளானை வாங்காதீங்க

காங்கயம் – தாராபுரம் ரோட்டோரம் காளான் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஐப்பசி மழையில் வாங்கிய ஒரு கூறு காளானால் நாங்கள் நாலு பேர் ஒரே ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதில் என் மகனுக்கு ஒன்பது வயது.

அன்றைக்கு முந்தின நாள் இடியும் மழையுமாக இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு மழை பெய்தாலே புத்துக்காளான் நினைப்பு வந்துவிடும். வண்டியில் நீலக் கிரேட் வைத்து ஒருத்தர் விற்றுக்கொண்டிருந்தார். கூறு நானூறு ரூபாய். வெள்ளை வெளேரென்று, கை அகலத்துக்குக் குடை. எல்லாவற்றிலும் காம்பின் அடி ஒரே மட்டமாக வெட்டியிருந்தது.

"ஏனுங்க, அடியை வெட்டிட்டீங்க?"

"மண்ணா இருந்துச்சுங்க. உங்களுக்குச் சுத்தம் பண்ணித்தானுங்க வெச்சிருக்கறேன். கொறங்காட்டுப் புத்துல காலையில எடுத்ததுங்க."

சுத்தம் என்றதும் வாங்கிவிட்டேன். அந்த இடத்தில்தான் நான் நின்றிருக்க வேண்டும். என் அம்முச்சி புத்துக்காளானைப் பிடுங்கவே மாட்டார். களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைப் பறித்து, வேர் மாதிரி கீழே இறங்குகிற அந்த நீளக் காம்பு ஒடியாமல் எடுப்பார். சிலது முழங்கை நீளம் இருக்கும். மண்ணுக்குள் கறையான் வளர்க்கிற பூஞ்சைத் தோட்டத்திலிருந்து அது கிளம்பி வருகிறது. மேலே புற்று தெரியாத இடத்திலும் கீழே கறையான் கூடு இருக்கும். அந்த வேர்தான் அதன் முதல் சாட்சி. குடையின் நடுவில் முலைக்காம்பு போல ஒரு கூர் இருக்கும். மண்ணைத் துளைத்து மேலே வருவது அதனால்தான். வேரை வெட்டிப் போட்டுவிட்டால் வாங்குகிறவருக்குப் பார்க்க என்ன மிச்சம்?

வீட்டில் அத்தை குழம்பில் ஒரு பூண்டைப் போட்டுப் பார்த்தார்கள். கறுக்கவில்லை, நல்ல காளான்தான் என்றார்கள். பூண்டு, மஞ்சள், வெள்ளிக்காசு எதுவும் காளான் விஷத்தைக் காட்டாது. புழு தின்றிருந்தால் நல்லது என்பதும் பொய். புழுவுக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? சின்ன வெங்காயமும் மல்லியும் தேங்காயும் அரைத்துவிட்டு, கறிக்குழம்பு மாதிரியே வைத்தோம். எட்டரை மணிக்குச் சாப்பிட்டோம். பத்து மணிக்கு மகன் வாந்தி எடுத்தான். பிறகு மாமா, அப்புறம் நானும் வீட்டுக்காரரும். பதினொன்றரைக்கெல்லாம் பையனுக்கு நாக்கு வறண்டு கண் செருகிக்கொண்டு வந்தது. அந்தக் கால் மணி நேர கார்ப் பயணத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. அத்தை அன்றைக்கு ஒரு பொழுது என்பதால் தப்பித்தார்கள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி எல்லோரும் திரும்பி வந்தோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சமைக்காத காளான் மிச்சம் இருக்குதா?" ஃபிரிட்ஜில் இரண்டு இருந்தது. உங்களுக்கு இப்படி ஆனால் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு, தெரிந்த தாவரவியல் வாத்தியார் ஒருத்தர் சொன்னபடி, ஒரு குடையைக் காம்பு நீக்கி, மடிப்பு உள்ள அடிப்பக்கம் கீழே படும்படி வெள்ளைத்தாளில் வைத்து டம்ளரைக் கவிழ்த்தேன். விடிந்து பார்த்தால் தாளில் பச்சையாக, முருங்கையிலைப் பொடி தூவினது போல அச்சு. புத்துக்காளானின் வித்து வெளிர் இளஞ்சிவப்பாகத்தான் விழும். இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற விஷக்காளான். மழைக்குப் பிறகு மேய்ச்சல் நிலத்திலும் புல்தரையிலும் பெரிது பெரிதாக முளைப்பது. காம்பில் வளையம் இருக்கும், வெள்ளைக் குடைமேல் பழுப்புச் செதில் இருக்கும். அந்தச் செதில் மழையில் கழுவிப்போகும். குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் இளசில் வெள்ளையாகவே இருந்து, முற்றும்போதுதான் பச்சையாகும். அதனால்தான் இளசாகப் பறித்து விற்றால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் அதே ரோட்டோரத்தில் காளான் விற்றவரைப் பிடித்தேன். "நூறு பேர் வாங்கித் தின்னாங்க, உங்களுக்கு மட்டும் ஒத்துக்கலீங்க" என்றார். இந்தக் காளான் சிலரை அவ்வளவாகப் பாதிக்காமல் விடுவதும் உண்டு. அதை வைத்து அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்கு விற்க முடியுமா? விடாமல் கேட்டதும், "இது பண்ணையில வளர்த்த புத்துக்காளானுங்க" என்று மாற்றினார். அங்கேதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிப்பிக்காளான் வளர்க்கலாம். பால்காளான் வளர்க்கலாம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தையே வெளியிட்டது. புத்துக்காளானைக் கறையான் இல்லாமல் பண்ணையில் விளைவிக்க இதுவரை வழி வரவில்லை. அப்படிச் சொல்லி யார் விற்றாலும் பொய். கடைசியில், சைட் போட்ட இடத்துப் புல்லில் பையன்கள் பறித்துத் தருவதை வாங்கி விற்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான் அதற்காகப் போகவும் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்களுக்கு வந்தது ஒன்றரை மணி நேரத்தில் வாந்தியாக வந்த விஷம். உயிர் வாங்குகிற அமானிட்டா வகைகள் சில உண்டு. அவை சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில சமயம் அடுத்த நாள்தான் காட்டும். வயிறு சரியாகிவிட்டது என்று வீட்டிலிருக்கும்போது கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. அந்த வகைக் காளானின் காம்பு, உடைந்த முட்டை ஓட்டுக்குள் நிற்பது போல, அடியில் ஒரு பைக்குள் நிற்கும். அந்தப் பையும் மண்ணுக்குள்தான் இருக்கும். அடியை வெட்டினால் அதுவும் சேர்ந்து போய்விடும். போட்டோ எடுத்து யாருக்கு அனுப்பினாலும், அடி இல்லாத போட்டோவைப் பார்த்து "நல்ல காளான்" என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அந்தப் பச்சை அச்சு விழுந்த தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். சந்தை நாளில் கையோடு எடுத்துப் போகிறேன். காளான் கூறு முன்னால் நிற்கிற ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.